கள்ளும் காமமும் குற்றமும்: மணிமேகலையின் பிரிப்பும் ஓக்லாந்தின் நடைமுறையும்

"குடிபோதையில் செய்துவிட்டான்" என்னும் தொடர் தமிழர் பேச்சில் செய்தியாக மட்டும் நிற்பதில்லை. பல வேளைகளில் தீர்ப்பாகவும் நிற்கிறது. குற்றத்தின் பொறுப்பில் ஒரு பங்கை ஆளிடமிருந்து எடுத்து மதுவின்மேல் ஏற்றுவதே அத்தொடரின் வேலை. அதனோடு சேர்ந்து வழங்கும் மற்றொரு தொடர் "அவனுக்கு அது ஒரு நோய்" என்பது. முன்னது கள்ளையும் குற்றத்தையும் பிணைக்கிறது. பின்னது அடங்காக் காமத்தையும் குற்றத்தையும் பிணைக்கிறது. இரண்டும் இணையும்போது கள், காமம், குற்றம் என ஒரு சங்கிலி உருவாகிறது. அச்சங்கிலியின் கடைக்கோடியில் நிற்கும் பெண்ணோ குழந்தையோ பேச்சிலிருந்து மறைந்துபோவதுதான் அதன் விளைவு.

இலங்கை, தமிழ்நாடு, மலேசியா, பிஜி எனப் பல நிலங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஓக்லாந்தில் இச்சங்கிலிக்குச் சட்டத்தில் இடமில்லை. தானே விரும்பி மதுவோ போதைப்பொருளோ உட்கொண்டிருந்தமையைத் தண்டனைக் குறைப்புக்குரிய காரணமாக நீதிமன்றம் கொள்ளக்கூடாது என்று நியூசிலாந்தின் 2002ஆம் ஆண்டுத் தண்டனைவிதிப்புச் சட்டம் 9ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவில் கூறுகிறது. 1961ஆம் ஆண்டுக் குற்றச் சட்டத்தின் 128ஏ பிரிவோ, மதுவினால் அல்லது மருந்தினால் இசையவும் மறுக்கவும் இயலாத நிலையிலிருப்பவர் இசைந்தவராகார் என்கிறது. முதல் விதி போதையைக் குற்றம் செய்தவர் உடலில் வைத்துப் பார்க்கிறது. இரண்டாவது விதி அதனைத் துன்புற்றவர் உடலில் வைத்துப் பார்க்கிறது. போதை யார் உடலில் இருக்கிறது என்ற இந்தக் கேள்வி எளியதாகத் தோன்றினும், தமிழ் இலக்கியத்தில் கள்ளைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் கேளாமல் விட்ட கேள்வி இதுவே. இந்தியச் சட்டத்திலும் இவ்விரு நோக்குகளும் உண்டு: 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகள் ஒருபுறம், 375ஆம் பிரிவில் போதையில் தரப்பட்ட இசைவு செல்லாது என்னும் விளக்கம் மறுபுறம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் இவை தொடர்கின்றன.

தமிழர் தம் மரபிலிருந்தே இச்சங்கிலியைப் பெற்றனரா என்பது ஆராயத்தக்கது. மணிமேகலையை ஊன்றிப் படிக்குமிடத்து, அதற்கு நேர்மாறான விடையே கிடைக்கிறது.

மருத்துவத்தின் பிரிப்பு

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்தவியலாப் பாலியல் நடத்தைக் கோளாறு அதில் முதன்முறையாகத் தனிப்பெயருடன் இடம்பெற்றது. அது மதுப்பழக்கம் முதலிய அடிமைநிலைகளோடு சேர்க்கப்படவில்லை. உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் வரிசையில் வைக்கப்பட்டது. இசைய மறுப்போரையும் இசைய இயலாதோரையும் நாடும் பாலியல் விருப்பக் கோளாறுகள் வேறொரு தொகுதியில் உள்ளன. அறநெறி சார்ந்த குற்றவுணர்ச்சி மட்டுமே ஒருவரது துன்பத்திற்குக் காரணமாயின் அது நோயன்று என்ற எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில், இதனையொத்த ஒரு கோளாற்றைச் சேர்க்கும் முன்மொழிவு ஏற்கப்படவில்லை. மிகுகாமம் உடையோர் பலர் எவரையும் வருத்துவதில்லை. வருத்துவோர் பலருக்கு அந்நோய் இல்லை. இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. ஆயினும் ஒன்று மற்றொன்றின் பெயரன்று.

மதுவைப் பொறுத்தவரை, கிரெய்க் மக்ஆண்ட்ரூ, ராபர்ட் எட்ஜர்டன் என்னும் இரு அறிஞர்கள் 1969இல் வெளியிட்ட நூல் இன்றும் பயனுடையது. போதையில் மனிதர் நடந்துகொள்ளும் முறை சமூகந்தோறும் வேறுபடுகிறது என்றும், குடித்தவனுக்கு எதனை மன்னிக்கலாம் என்று ஒரு சமூகம் முன்பே வகுத்து வைத்திருக்கிறதோ அதன் எல்லைக்குள்ளேயே அவன் பெரிதும் நடக்கிறான் என்றும் அவர்கள் பல நாட்டுச் சான்றுகளால் காட்டினர். மது தடையைத் தளர்த்துவது உண்மை. நியூசிலாந்தில் 'பி' என வழங்கும் மெத்தாம்ஃபெட்டமின் காமவேட்கையைத் தூண்டுவதும் உண்மை. எனினும், "குடிபோதையில் செய்துவிட்டான்" என்பது நிகழ்ந்ததை விளக்கும் தொடர் மட்டுமன்று, அடுத்து நிகழப்போவதற்குத் தரப்படும் உரிமமும் ஆகலாம் என்பதே அந்நூலின் பயன்.

வள்ளுவரின் அதிகார வைப்பு

தொல்காப்பியம் பெருந்திணைக்குரியனவாகக் கூறும் நான்கனுள் தெளிவிழந்த காமப் பெருக்கு ஒன்று. மிகுந்த காமத்தால் எழும் மிடல், அதாவது வலிமை காட்டல், வேறொன்று. உரைகள் இங்கே ஒருபடித்தாக இல்லை. ஆயினும் மிகுதியும் வன்மையும் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பது கருதத்தக்கது.

திருக்குறளில் சங்கிலி இருப்பதுபோல் தோன்றும் இடம் நட்பியல். வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது ஆகிய 92, 93, 94ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 920ஆம் குறள் மூன்றையும் ஒருசேர எண்ணித் திருமகள் கைவிட்டவரின் தொடர்புகள் என்கிறது. ஆனால் இம்மூன்றும் நிற்பது பொருட்பாலில். அங்கே அழிவது துய்ப்பவனின் செல்வமும் அறிவும் மதிப்பும். பிறர்க்குத் தீங்காகும் காமத்தை வள்ளுவர் பேசுவது அறத்துப்பாலில், பிறனில் விழையாமை என்னும் 15ஆம் அதிகாரத்தில். அவ்வதிகாரத்தின் பத்துக் குறளிலும் கள் இல்லை. தன்னை அடக்கமுடியாத நிலையைச் சலுகையாகக் காட்டும் சொல்லும் இல்லை. 145ஆம் குறள் சுட்டும் காரணம் வேறு: எளிது என்று எண்ணிச் செல்லுதல். வாய்ப்பு இருக்கிறது, தடுப்பார் இல்லை, பின்விளைவு வாராது என்ற கணக்கு அது. கணக்கிடுபவன் தெளிந்த அறிவோடு இருக்கிறான்.

இங்கு ஒரு குறையையும் சொல்லவேண்டும். அவ்வதிகாரத்தில் பெண் பிறனுக்கு உரியவளாகவே வருகிறாள். அவளுடைய இசைவு, மறுப்பு, துன்பம் ஆகியவை அங்கே பொருளாகவில்லை. பழி அடைபவன், பகை அடைபவன், பாவம் அடைபவன் எல்லாம் ஆணே. திருக்குறளை மட்டும் கொண்டு இக்காலத்துப் பாலியல் வன்முறையைப் பேச முயலும் மேடைகளும் பாடநூல்களும் இடர்ப்படுவது இதனாலேயே. மறுக்கும் பெண்ணின் குரல் முழுமையாகக் கேட்பது மணிமேகலையில்தான்.

களிமகனும் இளவரசனும்

உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்து வெளிக்கொணர்ந்த இக்காப்பியம் பௌத்த நூல் என்பதால், கள்ளும் காமமும் இதில் கடிந்து விலக்கப்படும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. விலக்கப்படத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றைக் காப்பியம் எங்கே, யாரிடம் வைக்கிறது என்பதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது.

மலர்வனம் புக்க காதையில், மணிமேகலையும் சுதமதியும் புகாரின் தெருவழியே நடக்கும்போது ஒரு களிமகன் எதிர்ப்படுகிறான். சமணத் துறவியை வழிமறித்து, தென்னையில் விளைந்த இக்கள்ளில் கொலை ஏதும் உண்டோ என்று கேட்டுக் குடிக்க அழைக்கிறான். அவன் நகைப்புக்குரியவன், தொல்லை தருபவன், ஆனால் அவ்விரு பெண்களுக்கும் அவனால் ஊறில்லை. தெருவில் அவனைக் கடந்து சோலைக்குள் சென்ற பின்னரே அச்சம் தொடங்குகிறது. அதனைக் கொண்டுவருபவன் குடியாத உதயகுமரன்.

உதயகுமரன் காப்பியத்துள் நுழையும் முறையும் நோக்கத்தக்கது. மதங்கொண்டு நகரைக் கலக்கிய காலவேகம் என்னும் அரசயானையை அடக்கிவிட்டு அவன் வருகிறான். மதத்தை அடக்கும் ஆற்றல் உடையவன் என்று காட்டிய பின்னரே அவனது காமம் காட்டப்படுகிறது. அவனைத் தன்னை அடக்கவியலாதவன் என்று வாசகர் சொல்லிவிடாதபடி சாத்தனார் கதவை முன்பே அடைத்துவிடுகிறார். பின்னர் 18ஆம் காதையில் அவனைத் தூண்டுபவள் சித்திராபதி. அவள் கூறுவது போதையையோ நோயையோ பற்றியதன்று; கணிகையர் குலத்துப் பெண்ணுக்கு மறுக்கும் உரிமை இல்லை என்ற சமூக வழக்கத்தைப் பற்றியது. வள்ளுவர் சொன்ன 'எளிது' என்னும் எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இக்காதை விடை தருகிறது. எளிது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

உதயகுமரனின் வேட்கைக்குக் காப்பியம் காரணமும் தருகிறது. முற்பிறப்பில் அவன் இராகுலன், மணிமேகலை அவன் மனைவி இலக்குமி. அவன் வேட்கையின் வேர் அவன் அறியாத ஆழத்தில் இருக்கிறது. இன்றைய மொழியில், நடத்தைக்கு ஒரு முழுமையான வரலாறு கிடைத்துவிட்டது. அவளுடைய நெஞ்சமும் அவன்பால் சென்றதைக் காப்பியம் மறைக்கவில்லை. இத்தனைக்குப் பின்னும் மணிமேகலை இணங்கவில்லை. காரணம் அறியப்பட்டமை உரிமை தரப்பட்டமை ஆகாது என்ற பிரிப்பு இங்கே கதையின் முதுகெலும்பாகவே அமைந்துவிடுகிறது. ஊழையும் முற்பிறப்பையும் நம்பிய ஒரு நூல், அவற்றைச் சலுகையாக மாற்ற மறுத்தது வியக்கத்தக்கது. நோயறிதலைச் சலுகையாக மாற்ற முயலும் இக்கால வாதங்களைவிடக் காப்பியம் இவ்விடத்தில் தெளிவாக இருக்கிறது.

23ஆம் காதையின் மருந்து

போதைப்பொருள் தமிழ்க் காப்பியத்தில் பாலியல் வன்முறையோடு நேரடியாக இணையும் இடம் சிறைவிடு காதை. மகனை இழந்த இராசமாதேவி, மணிமேகலையைச் சிறையிலிருந்து விடுவிப்பவள்போல் தன்பால் வைத்துக்கொள்கிறாள். அவளுக்குப் பித்தேற்றும் மருந்து ஊட்டப்படுகிறது. அது பலிக்காதபோது, கல்வியற்ற ஓர் இளைஞனுக்குக் கைநிறையப் பொருள் கொடுத்து, மணிமேகலையைக் கெடுக்குமாறு அரசி ஏவுகிறாள்.

இக்காட்சியில் மூன்று செய்திகள் உள்ளன. மருந்து இருப்பது தீங்கு செய்பவர் உடலில் அன்று. தீங்குக்கு இலக்கானவர் உடலில். தீங்கைத் திட்டமிட்டவளிடம் காமம் இல்லை, இருப்பது பழிவெறி. அதனைச் செய்ய வந்தவனிடமும் வேட்கை சொல்லப்படவில்லை, சொல்லப்படுவது கூலி. கள், காமம், குற்றம் என்ற சங்கிலியின் ஒரு கண்ணிகூட இங்கே வழக்கமான இடத்தில் இல்லை. அடுத்த காதையில் இதே அரசி, சான்றோர் துறந்த ஐந்தனுள் கள்ளையும் காமத்தையும் எண்ணிச் சித்திராபதியின் வாழ்க்கையை இடித்துரைக்கிறாள். திருந்திய பின் பேசும் பேச்சு அது என்று கொள்ளலாம். ஆனால் மருந்தைப் பிறர்க்கு ஊட்டிய கை கள்ளுண்போரைச் சுட்டுவதிலுள்ள முரண் படிப்பவர் நெஞ்சில் தங்கவே செய்கிறது.

ஓக்லாந்து வாசகர்க்கு இக்காட்சி 2013 நவம்பரை நினைவூட்டும். நகரின் மேற்குப் பகுதி இளைஞர் சிலர் 'ரோஸ்ட் பஸ்டர்ஸ்' என்று தம்மைப் பெயரிட்டுக்கொண்டு, மதுவருந்திய நிலையிலிருந்த வயது நிரம்பாச் சிறுமியரோடு உறவு கொண்டதாகச் சமூக ஊடகத்தில் தாமே பெருமை பேசியது அம்மாதம் வெளிவந்தது. காவல்துறைக்கு 2011 முதலே முறையீடுகள் சென்றிருந்தன. 'ஆபரேஷன் குளோவர்' என்னும் மறுவிசாரணை 2014 அக்டோபரில் வழக்குத் தொடரப்படாமலே முடிந்தது. தொடக்க விசாரணைகளின் குறைபாடுகளைக் காவல்துறை நடத்தை குறித்த சுயேச்சை ஆணையம் 2015 மார்ச்சில் கண்டித்தது. குற்றம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படாமையால் தனியாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பொதுவிவாதம் சென்ற திசையே இங்குப் பொருள். சிறுமியர் ஏன் குடித்தனர் என்ற கேள்வி வானொலியிலும் வீடுகளிலும் எழுந்தது. அதனை எதிர்த்துப் பலர் தெருவில் இறங்கினர். ஆணின் உடலில் இருந்தால் பொறுப்பைக் குறைக்கும் மது, பெண்ணின் உடலில் இருந்தால் பொறுப்பைக் கூட்டுகிறது. தமிழ் வீடுகளும் இந்த இரட்டை அளவைக்கு விலக்கல்ல.

காப்பியத்தின் எல்லையும் இங்கே தெரிகிறது. மணிமேகலை தப்புவது தெய்வம் தந்த மந்திரத்தால் ஆணுருக் கொண்டு. மருந்து பலிக்காமல் போனதும் அவளுடைய பழம்பிறப்புணர்வால். மந்திரம் இல்லாத பெண்ணைக் காப்பியம் இக்காட்சியில் வைத்துப் பார்க்கவில்லை. அப்பெண் சுதமதியின் வாழ்க்கையில் இருக்கிறாள்: பூக்கொய்யச் சென்றபோது விஞ்சையன் மாருதவேகனால் கவரப்பட்டுப் பின் கைவிடப்பட்டவள். தன் கதையைத் தானே சொல்லும் அவளுக்குக் காப்பிய ஆய்வுகள் இன்னும் போதிய இடம் தரவில்லை.

கங்கையின் குடி

நவீன இலக்கியத்தில் இச்சிக்கலை நேராக எதிர்கொண்டவர் ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் மழைநாளில் காரில் ஏறும் மாணவி கெடுக்கப்படுகிறாள். தாய் நீரூற்றி அவளைத் தூய்மையானவள் என ஏற்கிறாள். தாய் அவ்வாறு ஏற்காதிருந்தால் என்னாகும் என்ற வினாவே 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாயிற்று. 1972இல் அது சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

குடிகாரனும் பெண்பித்தனுமான பிரபுவை நாவல் பரிவோடு வரைகிறது. அவனுடைய பலவீனங்கள் அவனை மனிதனாக்குகின்றன. குற்றம் மெல்லப் பின்னணிக்குப் போகிறது. குடி இலக்கியத்திலும் மன்னிப்பு வாங்கித் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பதரிது. ஆனால் அதே நாவலில் வெங்கு மாமா இருக்கிறார். கங்காவுக்குப் புகலிடம் தந்து, அப்புகலிடத்தையே தன் வேட்கைக்கு வழியாக்கும் வழக்கறிஞர். அவருடைய சீண்டலுக்குக் குடி காரணமாகக் காட்டப்படுவதில்லை. ஆசாரமும் சட்டப்புலமையும் வீட்டுப் பெரியவர் என்ற மதிப்புமே அவருடைய கருவிகள். ஓர் இரவின் பிரபுவைவிடப் பல ஆண்டுகளின் வெங்கு மாமா கொடியவர் என்ற முடிவை நாவல் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அதன் பக்கங்கள் சொல்கின்றன. களிமகனையும் இளவரசனையும் சாத்தனார் நிறுத்தி வைத்த முறையே இங்கு வேறுருவில் மீள்கிறது.

நாவலின் இறுதியில் குடிக்கத் தொடங்குபவள் கங்கா. விமரிசகர் பலர் இதனை வீழ்ச்சி என்றும் ஒழுக்கச் சிதைவு என்றும் படித்தனர். வன்முறைக்குப் பின் போதை துன்புற்றவரிடம் வந்து சேர்வது மருத்துவம் நன்கறிந்த உண்மை. நினைவைத் தாங்குவதற்கான வழியாக அது தொடங்குகிறது. 1982 முதல் ஓக்லாந்தில் இயங்கும் 'ஹெல்ப்' நிறுவனமும், குடியேறிய பெண்களுக்காக 1995இல் அந்நகரில் தொடங்கப்பட்ட 'சக்தி' அமைப்பும் துணைநிற்பது வன்முறையைக் கடந்து வந்த பெண்களுக்கே. அந்நோக்கில் படித்தால் கங்காவின் கிண்ணம் அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிய செய்தியன்று, பிரபுவின் காரைப் பற்றிய செய்தி.

நகரைவிட்டுப் போனவன்

பிரிப்பு தெளிவு தரும். தனியே அது போதுமானதன்று. 2012 நவம்பரில் ஓக்லாந்திலும் வைட்டாகெரெயிலும் மது, போதைப்பொருள் சிகிச்சை நீதிமன்றம் தொடங்கப்பட்டது. போதைக்கு ஆட்பட்டுக் குற்றம் புரிந்தோரைச் சிறைக்கு அனுப்புமுன் சிகிச்சைக்கு உட்படுத்தி, நீதிபதியே தொடர்ந்து கண்காணிக்கும் முறை அது. பாலியல் குற்றம் சாட்டப்பட்டோர் அங்கே ஏற்கப்படுவதில்லை. துன்புற்றோரின் நோக்கில் இவ்விலக்கு நியாயமுடையது. ஆயினும் குடியும் பாலியல் தீங்கும் ஒருவரிடமே இருக்கும்போது, ஒன்றைக் கவனிக்கும் இடம் மற்றொன்றைக் கவனிக்காது. சாதுவன் கதையை நினைவுகூர்வோர் இவ்விடைவெளியை உணர்வர். கணிகையிடமும் சூதிலும் பொருளிழந்த அவன், நாகர் தலைவன் கள்ளும் ஊனும் இளம்பெண்ணும் தந்தபோது மறுக்கிறான். ஒரு பழக்கத்திலிருந்து மீண்டவனுக்கு அடுத்த சோதனை மூன்றும் சேர்ந்தே வருகிறது என்று சாத்தனார் அமைத்தார். சங்கிலி காரணமாகாது எனினும் உடனிருப்பு உண்மை என்பதை அவர் அறிந்திருந்தார்.

23ஆம் காதையின் இளைஞன் மணிமேகலையின் ஆணுருவைக் கண்டு அஞ்சுகிறான். அரசியின் அந்தப்புரத்தில் ஆடவர் இருத்தற்கில்லையே என்று ஐயுற்று, தனக்கு ஏதோ கேடு சூழப்பட்டிருக்கிறது என்று எண்ணி நகரைவிட்டே போய்விடுகிறான். அரசிக்கு அறவுரை கிடைக்கிறது, அவள் திருந்துகிறாள். நான்கு காதைகளுக்கு முன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காப்பியம், கூலிக்குத் தீங்கு செய்ய வந்த இவனைப் பின்தொடரவில்லை. அடுத்த ஊரில் அவன் என்ன செய்தான் என்று கேட்கவும் இல்லை. ஓக்லாந்தின் பாரெமோரெமோவிலுள்ள சிறையில் குழந்தைகளுக்கு எதிராகப் பாலியல் தீங்கு செய்தோருக்காக 1994இல் 'தே பிரிதி' சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. மாவோரி வழக்காறுகளையும் உளவியலையும் இணைத்து நடத்தப்படும் அப்பிரிவில் சிகிச்சை முடித்தோரிடையே மீளக் குற்றம் புரிதல் குறைந்திருந்ததாக 2003ஆம் ஆண்டு மதிப்பீடு காட்டியது. சிறைக்கு வெளியே 'சேஃப் நெட்வொர்க்' இத்தகையோரோடு பணியாற்றுகிறது. சிகிச்சையில் அவர்கள் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியது, குடித்திருந்ததையோ வேட்கையை அடக்கமுடியாமையையோ தாண்டிய ஒரு வரலாறு: எந்த நாளில், யாரை, எப்படித் தனிமைப்படுத்தினர், எது எளிதாக இருந்தது என்று.